நானூறு நிறமாலைகளும் ஒரு கணினியும்

அரியத்தினூடே செல்லும் வெள்ளொளி பல நிறங்களாகப் பிரிதலைப் பாடசாலை ஆய்வுகூடத்திற் காணாதார் நம்முள் இலர். விண்மீனொளியை இவ்வாறே பிரித்து, அந்நிறமாலையிலுள்ள கோடுகளை அளந்து, அம்மீனின் மூலகங்களையும் இயக்கத்தையும் வானியலார் அறிகின்றனர். கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 1909ஆம் ஆண்டில் எவர்செட் என்னும் அறிஞர் ஞாயிற்றுப் புள்ளிகளிலே வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்தலைக் கண்டதும் இம்முறையாலேயாம். அன்று நிறமாலை புகைப்படத் தட்டிலே பதிந்தது. கோடுகளை அளந்தது மனிதக் கண்.

ஒருகாலத்தில் ஒரு பொருள் என்றிருந்த அம்முறை பின்னர் மாறிற்று. அவுஸ்திரேலியாவிற் சைடிங் ஸ்பிரிங் மலையிலுள்ள பெருந்தொலைகாட்டியில், 'இரு பாகைப் புலம்' எனப் பெயர் பெற்ற கருவியொன்று பொருத்தப்பட்டது. இயந்திரக் கையொன்று 400 ஒளிநார்களின் நுனிகளை, விண்மீன் மண்டலங்களின் பிம்பங்கள் விழும் இடங்களிலே ஒவ்வொன்றாக வைக்கும். 1997 முதல் 2002 வரை நடந்த அளவீட்டிலே 220,000க்கு மேற்பட்ட மண்டலங்களின் தூரம் இவ்வாறு கணிக்கப்பட்டது. இன்று அமெரிக்காவின் கிற் பீக் மலையில் 5,000 நார்கள் கொண்ட கருவி இயங்குகின்றது.

ஆயினும் கருவி தருவது நிறமாலையன்று. நெருங்கி அடுக்கிய மங்கற் கோடுகள் நிறைந்த ஒரு படமே. அதனை நிறமாலைகளாக்குவது மென்பொருளின் தொழில். எந்தக் கோடு எந்த நாருக்குரியதெனத் தேர்தல், விண்கதிர்கள் மோதி விட்ட புள்ளிகளை நீக்கல், விளக்கொளிப் பதிவைக் கொண்டு அலைநீளம் குறித்தல் என்பன அதிற் சில. இவை பொறுமையை வேண்டுவனவேயன்றிப் பெரிதும் ஐயத்துக்கு இடமானவையல்ல.

இடர் விளைப்பது வானொளியைக் கழித்தலே. இரவு வானம் முற்றும் இருண்டதன்று. வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள ஒட்சிசன் 557.7 நனோமீற்றரிலே பச்சையொளி உமிழும். வேறு கோடுகளும் பல. ஆகவே சில நார்களை வெறும் வானை நோக்க வைத்து, அவற்றிற் கிடைக்கும் ஒளியை ஏனையவற்றினின்றும் மென்பொருள் கழிக்கின்றது. நம் திருக்கோணமலை மீன்சந்தையிலே கூடையோடு மீனை நிறுத்துப் பின்னர்க் கூடையின் நிறையைக் கழிப்பதில்லையா? ஆனால் இங்கே கூடை மீனிலும் பத்துமடங்கு பாரமானது! நார்கள் யாவும் ஒரே அளவில் ஒளியைக் கடத்துவனவுமல்ல. வானொளி மண்டலத்தின் ஒளியைப் போலப் பத்துமடங்காயின், நாரின் கடத்தும் திறனைக் கணிப்பதிலே நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை, மண்டலத்தின் ஒளியில் நூற்றுக்கு இருபது பங்கு பிழையாகும். கழியாது எஞ்சிய வானொளி, மண்டலத்துக்கே உரிய கோடுபோல் நின்று தூரத்தைப் பொய்யாக்கவுங் கூடும். இது கருதியே, மேற்சொன்ன அளவீட்டிற் கணினி கண்ட விடைகளை மனிதரும் பார்வையிட்டு, 1 முதல் 5 வரை தரமிட்டு, 3க்குக் குறைந்தவற்றை நம்பத்தகாதவையென ஒதுக்கினர்.

சுவாமிமலைக் கடலடியிலே பழைய கோணேசர் ஆலயத்தின் எச்சங்களை 1956இற் கண்ட ஆதர் கிளாக்கின் பெயரால் மொறட்டுவையில் விளங்கும் நிறுவனத்திலே 45 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டி உண்டு. தமிழ்நாட்டுக் காவலூரிலே (இது நம் ஊர்காவற்றுறையன்று, சவ்வாது மலையிலுள்ளது) 1986 முதல் 2.34 மீற்றர்த் தொலைகாட்டி இயங்குகின்றது. துறைமுக விளக்குகளும் மாரி முகிலும் சூழ்ந்த நமக்கோ அத்தகைய வானுமில்லை, கருவியுமில்லை. எனினும் இரு பாகைப் புல அளவீட்டின் நிறமாலைகளை எவரும் விலையின்றிப் பெறலாம். அக்கருவிக்கென எழுதிய மென்பொருளும், 1980களில் அமெரிக்காவிலே தோன்றிய ஐராஃப் என்னும் மென்பொருளும் அவ்வாறே. ஐராஃபை ஆக்கிய நிறுவனம் அதனைக் கைவிட்ட பின்னரும், பயன்படுத்துவோர் தாமே அதனைப் பேணி வருகின்றனர். கணிதமும் பௌதிகமுங் கற்கும் நம் உயர்தர மாணவர்க்கு இத்தொழில் எட்டாததன்று.

ஆக்கி முடித்த நிறமாலையை மட்டும் பெற்று ஆராய்வதை நாம் விரும்போம். கழிக்கப்பட்டது எவ்வளவு என்பது அதிற் புலப்படாது. மூலப்படத்தையும் விளக்கொளிப் பதிவையும் உடன்பெற்றுத் தாமே கழித்துப் பார்த்தலே தக்கது. தொடங்குவோர் வெறும் வானை நோக்கிய நாரின் நிறமாலையை முதலில் எடுத்துக்கொள்க. ஒட்சிசனின் பச்சைக்கோடு 557.7இலே நிற்கின்றதா என நோக்குக. விலகி நிற்குமாயின் அலைநீளக் குறிப்பைத் திருத்திய பின்னரே மண்டலங்களின்பாற் செல்லல் வேண்டும்.