கோப்பு திறக்கிறது, எழுத்து ஏன் உடைகிறது?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம் தொழிற்பேட்டை. அங்கே வேலை தேடும் இளைஞர்கள் பயோடேட்டாவைக் கைப்பேசியிலேயே கூகுள் டாக்ஸில் தட்டி, டாக்எக்ஸ் கோப்பாக ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் கேட்கிறார்கள். கைப்பேசியில் ஒரு பக்கத்தில் அடங்கியது கடைக் கணினியில் ஒன்றேகால் பக்கமாகிவிடும். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக இரண்டாம் தாளுக்குப் போய்விடும். இதில் கடைக்காரர் மேலும் தப்பில்லை, அனுப்பியவர் மேலும் தப்பில்லை.

டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்: வாசகம் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகவும், படங்கள் தனி அடைவிலும் இருக்கும். எழுத்துருவின் பெயர் குறித்திருக்கும். எழுத்துரு பெரும்பாலும் இருக்காது. வரி எங்கே மடங்க வேண்டும், பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதைத் திறக்கிற மென்பொருள்தான் அந்த நேரத்தில் கணக்கிடுகிறது. வேர்டின் கலிப்ரிக்கு அதே அகலத்தில் கார்லிட்டோ என்ற மாற்று லிப்ரே ஆபிஸில் உண்டு. விண்டோஸின் தமிழ் எழுத்துருக்களான லதாவுக்கோ நிர்மலாவுக்கோ அப்படி அளவொத்த ஜோடி இல்லை. அதனால் தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தைவிட அதிகமாகக் குலைகிறது.

பக்கம் குலைவதாவது பரவாயில்லை. எழுத்தே மாறிவிடுவது பெரிய துன்பம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போடுகிறது. பாமினி இல்லாத கணினியில் முகம் கழன்று ஆங்கிலம் வெளியே வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்துக்கு மாற்றும்போதும் கவனம் வேண்டும். முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டால் நடுவே ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். தொலைபேசி எண் மட்டும் பிழைக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அதன் பலன். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடே தரம் என்று தமிழக அரசு ஆணையிட்டது. யூனிகோடு ஓடாத இடங்களுக்கு டேஸ்16 என்ற குறியேற்றம். இத்தனைக்குப் பிறகும் ‘இந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்து தர வேண்டும்’ என்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன. மனுக் கொடுக்க வருகிறவரை அப்படி அலையவிடுவது அநியாயம்.

கோப்பு வடிவத்துக்கும் தரம் உண்டு. ஓடிஎஃப் 2006லும், டாக்எக்ஸ் சார்ந்த ஓஓஎக்ஸ்எம்எல் 2008லும் ஐஎஸ்ஓ தரங்களாயின. பின்னதை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாறிக் காட்டியது. படப்பையிலிருந்து வண்டலூர் போய் ஜிஎஸ்டி சாலையில் தெற்கே திரும்பினால் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் வளாகம். ரைட்டர் என்ற அதன் எழுதுமென்பொருள் 2005லேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தன் ஆவணப் பணிகளை ஜோஹோவுக்கு மாற்றுவதாக அறிவித்தார். ஆக, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வேறொரு மென்பொருளில் திறப்பது இனி கூடத்தான் செய்யும்.

பிரிண்ட் எடுக்கவோ படிக்கவோ மட்டும் அனுப்பினால் பிடிஎஃப் அனுப்புங்கள். பயன்படுத்திய எழுத்துருக்களை அது பெரும்பாலும் தன்னோடு எடுத்துப்போகும். பெறுபவர் திருத்த வேண்டுமென்றால் டாக்எக்ஸ் அல்லது ஓடிஎஃப் வகையான ஓடிடி அனுப்புங்கள், கூடவே ஒரு பிடிஎஃபும் வையுங்கள். பக்கம் எப்படி இருந்தது என்று அவர் ஒப்பிட்டுக்கொள்வார். யூனிகோடுதானா என்று சந்தேகம் வந்தால் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் தைரியமாக அனுப்பலாம். ஆங்கிலமும் குறிகளுமாக விழுந்தால் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு நகலில் தமிழ்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.