'கூலி' என்னும் சொல்



பள்ளிச் சேர்க்கைக்கோ குடும்ப அட்டைக்கோ விண்ணப்பம் நிரப்பும்போது, 'தொழில்' என்ற கட்டத்தில் வடசென்னையில் நம்மவர் பலர் 'கூலி' என்று எழுதுகிறார்கள். நாம் அதைப் படித்துவிட்டு அடுத்த கட்டத்திற்குப் போய்விடுகிறோம். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் ஒருவர் அந்தக் கட்டத்தில் 'சம்பளம்' என்று எழுதுவாரா? மருத்துவர் 'கட்டணம்' என்று எழுதுவாரா? மூட்டை சுமப்பவரும் சித்தாள் வேலைக்குப் போகிறவரும் மட்டும், தாங்கள் மாலையில் பெறவேண்டிய பணத்தின் பெயரையே தங்கள் பெயராக எழுதுகிறார்கள்.

தமிழில் இச்சொல்லுக்கு அந்தப் பொருள் முதலில் இல்லை. கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைக்க வேண்டியது. திருவள்ளுவர் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில் இதே சொல்லைக் கையாள்கிறார். தெய்வத்தால் ஆகாத காரியத்திலும், உடல் வருந்திய அளவுக்கு முயற்சி கூலி கொடுத்துவிடும் என்கிறார். அங்கே இது உரிமையின் சொல். இழிவு அதில் துளியும் இல்லை. இன்றும் நாட்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்கிறோம். நகைக்கடைக்குப் போனால் 'செய்கூலி, சேதாரம்' என்று கணக்குப் போடுகிறார்கள். வேலை செய்யும் மனிதரைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் இருந்தது: கூலியாள், கூலிக்காரர். கொடுக்கப்படுவது வேறு, அதைப் பெறுகிறவர் வேறு என்பதில் நம் முன்னோருக்குக் குழப்பம் இல்லை.

ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் ஆள். சுமை தூக்குகிறவர், பெயர் கேட்கத் தேவையில்லாதவர். இந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து போனது என்பதில் அறிஞரிடையே இரு கருத்துகள் உண்டு. ஒன்று, நம் தமிழ்க் கூலியே அது என்பது. மற்றொன்று, மேற்குக் கரையில் குஜராத், மகாராஷ்டிரப் பகுதிகளில் வாழும் கோளி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பது. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கிறது. தமிழ்ச் சொல்லும் அதனோடு கலந்திருக்கலாம் என்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மும்பையின் பழங்குடி மீனவர்கள் இந்தக் கோளிகளே. அவர்களுள் கத்தோலிக்கர்களும் உண்டு. ஆகவே எந்தக் கருத்தை ஏற்றாலும் நமக்கு அந்நியமான கதை அல்ல இது. ஒரு கருத்தின்படி உழைப்பின் விலை மனிதருக்குப் பெயரானது. மற்றதன்படி ஒரு மீனவக் குலத்தின் பெயர் சுமை தூக்குவோர் எல்லாருக்கும் பொதுப்பெயரானது.

இச்சொல் கடல் கடந்ததில் நம் கரைக்கும் பங்கு உண்டு. மொரீஷியசுக்கு 1834 முதல் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தின் பேரில் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் போர்ட் லூயி நகரில் வந்து இறங்கிய படித்துறைக்கு 'கூலி காட்' என்றே பெயர். இன்று அது 'ஆப்ரவாசி காட்' என அழைக்கப்படுகிறது. 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி.

அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளே அலைகளைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கொண்டு சேர்த்தன. அவற்றைச் செலுத்தியவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள். அத்தகைய படகோட்டிச் சமூகம்தான் நம் புனித இராயப்பர் ஆலயத்தை எழுப்பியது. அந்த இராயப்பரின் பெயரிலிருந்தே இராயபுரம் என்ற பெயரும் வந்தது என்பர்.

நேட்டாலில் இறங்கியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். தோட்டத்துக்கு வெளியே அவர்களுக்கு ஒரே பெயர்தான்: கூலி. 1893-இல் அங்கே போன காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அடுத்த ஆண்டு பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் வழிய அவரிடம் வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். வெள்ளையரைக் காணும்போது அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது வழக்கமாகியிருந்தது. முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னதைக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் 'கூலி' என்பது இன்றும் வசைச்சொல்.

சீனத்திற்கும் இச்சொல் போனது. அங்கே அதே ஒலிக்கு இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள். அவற்றின் பொருள் 'கசப்பு', 'வலிமை'. அகராதிக்காரர் எவரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. அவர்கள் தந்த பொருளை நாமும் வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்தில் நரைத்த பெரியவரைக் கைதட்டி 'கூலி!' என்று கூப்பிடுகிறோம். 2016 ரயில்வே பட்ஜெட்டில் சுமை தூக்குவோரை இனி 'சகாயக்' என அழைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். சகாயக் என்றால் உதவியாளர். பெயரை மாற்றியது நல்லதுதான். பெட்டிக்கு நாற்பது ரூபாய் குறைத்துப் பேரம் பேசுவதை அது மாற்றவில்லை.

விவிலியத்தில் இச்சொல் எங்கெங்கே வருகிறது என்று பார்த்தேன். முதல் சீடர்கள் அழைக்கப்படும் இடத்திலேயே இருக்கிறது. யாக்கோபும் யோவானும் தங்கள் தந்தை செபதேயுவைக் கூலியாள்களோடு படகில் விட்டுவிட்டு இயேசுவின் பின் சென்றார்கள் (மாற் 1:20). காசிமேட்டில் வலை இழுப்பவர் எவருக்கும் விளக்கம் தேவையில்லாத காட்சி. மூல மொழியான கிரேக்கத்திலும் தமிழைப் போலவே இரு சொற்கள்: கூலிக்கு 'மிஸ்தோஸ்', கூலியாளுக்கு 'மிஸ்தோதோஸ்'. யாக்கோபு தம் திருமுகத்தில், கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்கிறார் (யாக் 5:4). ஒப்பந்தக்காரரிடம் மூன்று வாரக் கூலியை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களை எண்ணூர் பக்கம் நான் பார்த்திருக்கிறேன். அந்த வசனத்தை அவர்களுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

ஊதாரி மைந்தன் உவமையிலும் இச்சொல் வருகிறது. பசியில் வாடிய இளைய மகன் தந்தையிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான்: பாவம் செய்தேன், உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், உம்முடைய கூலியாள்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டை அடைந்ததும் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்வதற்குள் தந்தை, முதல்தரமான ஆடையைக் கொண்டு வாருங்கள் என்று பணியாளர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார் (லூக் 15:19-22).

சொல்லி முடித்திருந்தாலும், அந்த வீட்டுக் கூலியாள்களின் நிலை ஒன்றும் மோசமில்லை. அவர்களுக்குத் தேவைக்கு மிகுதியாகவே உணவு இருக்கிறது என்று மகனே பன்றிகளிடையே அமர்ந்து நினைத்துப் பார்க்கிறான் (லூக் 15:17). தூர தேசத்தில் இருந்தவனுக்கும் தெரியும்படி தன் ஆள்களுக்குச் சோறு போட்ட முதலாளி அந்தத் தந்தை.