கம்ப்யூட்டரைப் போட்டால் ரேடியோ இரைகிறதா?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் நாளே எங்கள் வீட்டில் சண்டை. நான் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அப்பாவின் ரேடியோவில் 'கொர்ர்ர்' என்று இரைச்சல் கேட்கும். மீடியம் வேவில் ஒரு நிலையமும் எடுக்காது. இன்னொரு தொல்லை, கேபினட்டின் பின்பக்கத் தகட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று லேசான ஷாக். இரண்டும் தனித்தனிக் கோளாறு என்றே நினைத்தேன். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருந்தது.

கேபினட்டுக்குள் மின்சாரம் வந்து சேரும் தகரப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். இது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 300 வோல்ட்டுக்கும் அதிகமான டி.சி.யாக மாற்றுகிறது. பிறகு அதை நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை ஆன், ஆஃப் செய்து, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துத் தருகிறது. இத்தனை வேகமாக ஸ்விட்ச் செய்வதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் கைக்கு அடக்கமாக இருக்கிறது.

லைட் ஸ்விட்சைத் தட்டும்போது ரேடியோவில் 'டிக்' என்று கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுவே நொடிக்கு லட்சம் தடவை நடந்தால்? 100 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்தால் அதன் மடங்குகளான 600, 700, 800 கிலோஹெர்ட்ஸிலும் இரைச்சல் எழும். மீடியம் வேவ் நிலையங்கள் இருப்பதும் அங்கேதான். வீட்டு வயரிங்கே ஆன்டெனா போல அதைப் பரப்பிவிடும்.

இதைத் தடுக்க எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலிலேயே ஒரு ஃபில்டர் உண்டு. ஃபெரைட் வளையத்தில் சுற்றிய காயில் இரைச்சலை மறிக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் தகட்டுக்குப் போகும் இரு சிறிய கெபாசிட்டர்கள் மிச்ச இரைச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும். விலை குறைந்த சில எஸ்.எம்.பி.எஸ்.களில் இந்தப் பாகங்களைப் போடாமல் இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள்.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரைச்சல் போக வழியில்லை. அந்த இரு கெபாசிட்டர்களும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரித்து, தகட்டில் சுமார் 115 வோல்ட் நிற்கச் செய்யும். அதில் பாயும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு ஃபேஸ் வயர் தகட்டில் பட்டுவிட்டால் அது உயிருக்கே ஆபத்து.

எலெக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயிண்டைக் கழற்றினார். மூன்றாவது துளைக்கு வயரே இணைக்கப்படவில்லை! முறையாக எர்த் கொடுத்ததும் ஷாக் நின்றது. இரைச்சலும் வெகுவாகக் குறைந்தது. ரேடியோவைத் தள்ளி வைத்து, வேறு பாயிண்டில் செருகியதும் அப்பாவும் சமாதானமானார்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகாதீர்கள். எர்த் பின்னை உடைக்கவும் வேண்டாம்.
* பாயிண்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலையே எர்த்தாக இணைக்க விடாதீர்கள்.
* மானிட்டர் கேபிளில் உருளையாகத் தடித்திருப்பதும் ஃபெரைட்தான். அதை வெட்டி எறிய வேண்டாம்.
* எஸ்.எம்.பி.எஸ்.ஸை நீங்களே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? 'கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். இன்றே எர்த்தைச் சரிபாருங்கள்.