தோற்றாலும் குறையாத ஓட்டு

கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் 2014-ல் வாங்கிய ஓட்டு 3,72,906. ஜெயித்தார். 2019-ல் 3,67,302. தோற்றார். 2024-ல் 3,66,341. மறுபடியும் தோல்வி. பத்து வருஷத்தில் வித்தியாசம் ஆறாயிரத்துச் சொச்சம்தான். இதற்கிடையே ஒக்கிப் புயல் வந்து போனது. இனயம் துறைமுகத் திட்டத்தை எதிர்த்துக் கடற்கரை கொதித்தது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் எழும்பியது. அதிமுக 2014-ல் எதிரே நின்றது, 2019-ல் கூட நின்றது, 2024-ல் மறுபடி எதிரே போனது. தாமரைக்கு விழும் ஓட்டு மட்டும் அசையவில்லை.

வேட்பாளரின் முகத்துக்காக மட்டும் விழுகிற ஓட்டு இப்படி உறைந்து நிற்காது. இதன் வேரைப் பார்க்க வேண்டுமென்றால் மணவாளக்குறிச்சிப் பக்கம் வர வேண்டும். அணுசக்திக்கான தோரியம் தரும் மோனசைட் மணலுக்காக வெளியுலகம் அறிந்த ஊர். மணல் ஆலையைத் தாண்டிக் குளச்சல் சாலையில் கொஞ்ச தூரம் போனால் மண்டைக்காடு பகவதி கோயில். 1982-ல் மாசிக் கொடைத் திருவிழா நேரத்தில் இங்கே மூண்ட இந்து-கிறிஸ்தவ மோதலும், மார்ச் 1 அன்று ஆறு உயிரைப் பறித்த போலீஸ் துப்பாக்கிச் சூடும் இந்த மாவட்டத்தின் அரசியலையே இரண்டாகக் கிழித்தன. வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. ஓட்டுச்சாவடியும் தன் பங்குக்குத் தீர்ப்பெழுதத் தொடங்கியது. 1957-ல் நாகர்கோவிலின் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த தாணுலிங்க நாடார் இந்து முன்னணியின் தலைவரானார். 1984-ல் இந்து முன்னணியின் வி. பாலச்சந்திரன் பத்மநாபபுரத்தில் சுயேச்சையாக நின்று வென்றார். அதே தொகுதியில் 1996-ல் சி. வேலாயுதன் ஜெயித்து, தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்.எல்.ஏ. ஆனார். அந்தத் தேர்தலில் பெரிய கூட்டணி எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை.

கலவரத்தின் கசப்பு மட்டுமே நாற்பது வருஷம் தாங்குமா? தாங்காது. இங்கே ஞாயிற்றுக்கிழமை கோயில்களுக்குப் போனால் சமய வகுப்பு நடப்பதைப் பார்க்கலாம். பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்து தேவாரமும் கீதையும் ஒப்பிக்கும். பக்கத்து வெள்ளிமலை ஆசிரமத்தின் இந்து தர்ம வித்யா பீடம் பாடம் வகுத்து, தேர்வு வைத்து, பட்டமும் கொடுக்கிறது. திருவிளக்கு பூஜையில் பெண்கள் வரிசையாகக் குத்துவிளக்கேற்றி உட்காருவார்கள். அங்கே யாரும் சின்னம் பற்றிப் பேச வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை காத்திருந்தால் போதும். கடற்கரையில் ஒவ்வொரு கத்தோலிக்கப் பங்கும் அன்பியங்கள் என்ற சிறு குழுக்களாகப் பிரிந்து வீடுவீடாகக் கூடுகிறது. பழமை பேணும் வாக்காளர் அந்தப் பக்கமும் உண்டு, நீண்ட கணக்கும் உண்டு. சென்னையிலிருந்து வருகிற தேர்தல் வியூக வல்லுநர்களின் கண்ணில் இதெல்லாம் படுவதேயில்லை!

தோற்றாலும் காத்திருக்கும் இந்தப் பொறுமையை வெளிநாட்டிலும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1964 அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் ஆறே மாநிலங்களில் வென்று படுதோல்வி அடைந்தார். அவருக்கு ஓட்டுப் போட்ட பழமைவாதிகள் நடுவழி ஆளைத் தேடி ஓடவில்லை. கட்சியைக் கையில் எடுத்தார்கள். பதினாறு வருஷம் கழித்து ரீகன் வந்தார். 2016-ல் டிரம்பின் சொந்த வாழ்க்கை பிடிக்காத தேவாலயக்காரர்கள்கூட உச்ச நீதிமன்ற நாற்காலிகளை எண்ணிப் பார்த்து அவருக்குப் போட்டார்கள். 2022-ல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு ரத்தானதில் அந்தக் கணக்குப் பலித்தது.

குமரிக்காரர்களுக்கும் அந்தப் பொறுமை இருக்கிறது. பொன். ராதாகிருஷ்ணன் 1991, 1996, 1998 என மூன்று முறை தோற்ற பிறகுதான் 1999-ல் வென்றார். எம்.ஆர். காந்தி பலமுறை தோற்று, 2021-ல்தான் நாகர்கோவிலில் ஜெயித்துச் சட்டமன்றம் போனார். ஆனால் பொறுமை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லையே. 2014-ல் எதிர் ஓட்டு காங்கிரஸ், அதிமுக, திமுக, மார்க்சிஸ்ட் என நாலாகச் சிதறியதால்தான் 3.72 இலட்சம் ஜெயிக்கப் போதுமானதாக இருந்தது. அந்தப் பாடத்தை எதிர்த்தரப்பு ஒரே தேர்தலில் படித்துவிட்டது. 2019-ல் காங்கிரசின் எச். வசந்தகுமாருக்கு 6,27,235 ஓட்டு. ஐந்து வருஷம் முன்பு அதிமுகவுக்கு விழுந்த ஒன்றே முக்கால் இலட்சத்தில் பெரும்பகுதி, அந்தக் கட்சி தாமரையோடு சேர்ந்தபோது அதன் பின்னால் வரவில்லை என்றுதான் கணக்கு சொல்கிறது. மணவாளக்குறிச்சி அடங்கிய குளச்சல் சட்டமன்றத் தொகுதியில் 2011, 2016, 2021 மூன்றிலும் காங்கிரசின் ஜே.ஜி. பிரின்ஸ்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வசந்தகுமார் மறைவுக்குப் பிறகு, சட்டமன்றத் தேர்தலோடு சேர்ந்து 2021-ல் நடந்த இடைத்தேர்தலில் பொன். ராதாகிருஷ்ணனுக்கு 4,38,087 விழுந்தது. அதிமுகவின் இரட்டை இலைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்காகவும் வீதியில் இறங்கிய தேர்தல் அது. அப்போதும் தோல்விதான், ஆனால் வித்தியாசம் 2019-ன் இரண்டரை இலட்சத்திலிருந்து சுமார் 1.38 இலட்சமாகக் குறைந்தது. 2024-ல் இரட்டை இலை தனியே நிற்க, தாமரை பழைய எண்ணுக்கே திரும்பியது. சமய வகுப்பு அடித்தளத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டிய ஒரு இலட்சத்துச் சொச்சம் ஓட்டு இருப்பது, மதத்தை வைத்து ஓட்டுப் போடாதவர்களிடமும் கடற்கரையிலும்தான்.