மாற்றியிருக்கக் கூடாதா?

ஆடுபவரைவிடப் பார்ப்பவருக்கே ஆட்டம் நன்கு தெரியும் என்னும் எண்ணம் எல்லா நாடுகளிலும் உண்டு. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கிரிக்கெட் அணித் தலைவருக்கு அறிவுரை வழங்காதவர் யார்? அமெரிக்க நாட்டிலோ இவ்வழக்கம் பேஸ்பால் ஆட்டத்தைச் சுற்றி வளர்ந்து, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குடும்பச் சொத்தாகவே ஆகிவிட்டது. அந்நாட்டு ரசிகரின் கோபம் பெரும்பாலும் ஒரே மனிதரை நோக்கிச் செல்கிறது. அவர் பந்தை எறிபவர் அல்லர், அடிப்பவரும் அல்லர். அணியின் மேலாளர் அவர்.

இதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் அமைப்பைச் சற்றே அறிய வேண்டும். அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்திற்கு ஒன்பது சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி, தன் வீரர் மூவர் ஆட்டமிழக்கும் வரை மட்டையாடும். எதிரணியின் பந்தெறிபவர் மைதான நடுவிலுள்ள சிறு மேட்டில் நின்று பந்தை எறிவார். மேலாளர் மைதானத்தின் ஓரத்தில், தரைமட்டத்திற்குச் சற்றுத் தாழ்வாக அமைந்த இருக்கையில், வீரர்களைப் போன்றே சீருடை அணிந்து அமர்ந்திருப்பார். யார் எறிவது, யார் அடிப்பது, யாரை எப்போது வெளியே அழைப்பது என்னும் முடிவுகள் யாவும் அவருடையவை. கிரிக்கெட்டில் களைத்த பந்துவீச்சாளர் எல்லைக் கோட்டருகே நின்று இளைப்பாறிவிட்டு மீண்டும் வீச வரலாம். பேஸ்பாலில் ஒருவரை ஒருமுறை வெளியே அழைத்துவிட்டால், அந்த ஆட்டத்தில் அவர் திரும்பி வர இயலாது. ஆகவே மேலாளர் மேட்டை நோக்கி நடக்கும் அந்தச் சில அடிகள், திரும்பப் பெற முடியாத தீர்ப்பை நோக்கிய நடையாகும்.

பந்தெறிபவரின் தோளோ இரும்பால் ஆனதன்று. ஏறத்தாழ நூறு பந்துகள் எறிந்தபின் வேகம் தளரும், குறி பிசகும். மேலும் ஒரே ஆட்டத்தில் அவரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும் மட்டையாளர்கள், அவருடைய உத்திகளைப் பழகிக்கொண்டு நன்றாக அடிக்கிறார்கள். கணக்கெடுத்தவர்கள் இதனைப் பலமுறை காட்டியுள்ளனர். அங்கே ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை ஏறக்குறைய நாள்தோறும் பார்த்துவரும் ரசிகருக்கு இந்தக் கணக்குகள் யாவும் மனப்பாடம். மேலாளருக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அவருக்கும் தெரியும். தெரிந்தும் எதுவும் செய்ய இயலாமல் வீட்டில் அமர்ந்திருக்கிறாரே, அதுவே அவரது வேதனை.

இனி, 2003ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் இரவுக்கு வருவோம். இடம் நியூயார்க் நகரின் யாங்கீ மைதானம். யாங்கீஸ் அணிக்கும் போஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கும் இடையே ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். வெல்பவர் 'உலகத் தொடர்' எனப்படும் இறுதிப் போட்டிக்குச் செல்வார். போஸ்டன் அத்தொடரை அதற்குமுன் இறுதியாக வென்றது 1918இல். பேப் ரூத் என்னும் மாபெரும் ஆட்டக்காரரை யாங்கீஸ் அணிக்கு விற்றுவிட்ட பாவத்திற்கு வந்த சாபம் இது என்று பலர் பேசிவந்தனர். சாபத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. அன்றிரவு நிகழ்ந்ததை விளக்கச் சாபம் தேவைப்படவும் இல்லை.

போஸ்டனுக்குப் பந்தெறிந்தவர் பெட்ரோ மார்ட்டினெஸ். அக்காலத்தில் அவருக்கு நிகரானோர் மிகச் சிலரே. ஏழாம் சுற்றின் முடிவில் அவர் எறிந்த பந்துகளின் எண்ணிக்கை நூறை எட்டியிருந்தது. அவர் வானை நோக்கி விரலை உயர்த்தியவாறு திரும்பினார்; தோழர்கள் தழுவிக்கொண்டனர். அவரது பணி முடிந்தது என்றே பார்த்தோர் எண்ணினர். எட்டாம் சுற்றில் போஸ்டன் மேலும் ஓர் ஓட்டம் எடுத்து 5-2 என முன்னேறியது. அந்த வாரங்களில் மிகச் சிறப்பாக எறிந்துவந்த மாற்று வீரர்கள் ஆயத்தமாக இருந்தனர். ஆனால் மேலாளர் கிரேடி லிட்டில், மார்ட்டினெஸையே மீண்டும் அனுப்பினார்.

முதல் மட்டையாளர் ஆட்டமிழந்தார். அடுத்து வந்த டெரெக் ஜீட்டர் பந்தை அடித்து இரண்டாம் தளத்தை அடைந்தார். பெர்னி வில்லியம்ஸ் அடித்த அடியில் ஜீட்டர் ஓட்டம் எடுத்தார். 5-3. அப்போது லிட்டில் எழுந்து மேட்டுக்கு நடந்தார். நியூ இங்கிலாந்துப் பகுதியின் இல்லங்களில் அமர்ந்திருந்தோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பர். மேட்டில் நின்றபடி, இன்னும் எறிய முடியுமா என்று மேலாளர் வினவினார்; முடியும் என்றார் வீரர். லிட்டில் தனியே திரும்பினார்.

பிறகு நடந்தவை சில நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. மட்சுயி அடித்தார், பொசாடா அடித்தார், ஆட்டம் 5-5 எனச் சமமாயிற்று. 123 பந்துகள் எறிந்தபின் மார்ட்டினெஸ் வெளியே அழைக்கப்பட்டார். பதினோராம் சுற்றில் ஆரோன் பூன் முதல் பந்திலேயே கூட்டத்தினரிடையே பந்தைச் செலுத்த, யாங்கீஸ் வென்றது. அம்மாதம் 27ஆம் நாள், லிட்டிலின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று போஸ்டன் நிர்வாகம் அறிவித்தது. அவ்வாண்டின் பருவத்தில் 95 வெற்றிகளைத் தேடித் தந்தவர் அவர். அந்தத் தொண்ணூற்றைந்தும் மறக்கப்பட்டன.

ஒரு வீரரிடம், "உம்மால் முடியுமா?" என்று கேட்டால் என்ன விடை வரும்? பெருமையுள்ள எவரும் முடியாது என்று சொல்வதில்லை. நோயாளியிடமே நோய் உண்டா என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பும் மருத்துவரை நாம் ஏற்போமா? வீரரின் சொல்லுக்கு அப்பால் பார்ப்பதற்காகவே அன்றோ மேலாளர் என ஒருவர் அமர்த்தப்படுகிறார்? நம் கருத்தில் லிட்டில் தவறினார். தோற்றதனால் அன்று, பந்து கையை விட்டுப் புறப்படுமுன்னரே தெரிந்திருந்தவற்றை அவர் புறக்கணித்ததனால். மார்ட்டினெஸோ, பின்னர்ப் பழியைத் தாமே ஏற்க முன்வந்தார். அது அவரது பெருந்தன்மை.

ஒரு பந்தாட்டத்திற்கு இத்தனை துயரமா என்று வாசகர் கேட்கலாம். போஸ்டன் ஐரிஷ், இத்தாலியக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் நகரம். பாட்டனாரும் தந்தையும் ஒரே அணிக்காகக் காத்திருந்து, அவ்வெற்றியைக் காணாமலே கண்மூடிய இல்லங்கள் அங்கே ஏராளம். அடுத்த ஆண்டு, 2004 அக்டோபர் 27ஆம் நாள், 86 ஆண்டுகளுக்குப் பின் ரெட் சாக்ஸ் உலகத் தொடரை வென்றது. அதைத் தொடர்ந்த நாட்களில் மக்கள் கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்று, தந்தையர் கல்லறைகளின்மேல் அணியின் தொப்பிகளையும் சிறு கொடிகளையும் வைத்தனர். அடுத்த வாரமே கல்லறைத் திருநாள் வந்தது. மேலாளரைத் திட்டிய நாவுக்குப் பின்னால் இருந்த நெஞ்சம் எத்தகையது என்பதை அந்தத் தொப்பிகள் காட்டின.

சரி, கணக்கைப் பின்பற்றுகிற மேலாளரையாவது ரசிகர் போற்றுவாரா? 2020இல் அதற்கும் விடை கிடைத்தது. அவ்வாண்டு உலகத் தொடரின் ஆறாம் ஆட்டம் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில், மீண்டும் ஓர் அக்டோபர் 27ஆம் நாளில் நடந்தது. (இந்தத் தேதி ஒற்றுமைக்கும் யாரேனும் சாபம் கற்பிக்க வேண்டா.) அதற்குமுன் ஒருமுறையேனும் தொடரை வென்றிராத டாம்பா பே ரேஸ் அணி, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக 1-0 என முன்னணியில் இருந்தது. தோற்றால் எல்லாம் முடிந்துவிடும். பிளேக் ஸ்னெல் 73 பந்துகளே எறிந்திருந்தார். ஒன்பது பேர் அவர் பந்தைத் தொடவும் இயலாமல் ஆட்டமிழந்திருந்தனர். டாட்ஜர்ஸ் அணியின் முதல் மூன்று மட்டையாளரும் தலா இருமுறை வந்து, ஆறு முறையும் அவ்வாறே வீழ்ந்திருந்தனர்.

ஆறாம் சுற்றில் ஒருவர் ஆட்டமிழந்தபின், ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு தளம் சென்றார். அவ்வளவுதான். மேலாளர் கெவின் காஷ் எழுந்து வந்து பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்னெலின் முகத்தில் தோன்றிய வெறுப்பைத் தொலைக்காட்சியில் உலகமே கண்டது. மூன்றாம் முறை எதிர்கொள்வோர் நன்றாக அடிப்பர் என்னும் கணக்கே காஷுக்கு வேதமாக இருந்தது. அவ்வாண்டில் ஸ்னெல் எந்த ஆட்டத்திலும் ஆறு சுற்றுகளை முழுமையாக எறிந்ததில்லை என்பதும் உண்மையே. ஆனால் அவருக்கு மாற்றாக வந்த நிக் ஆண்டர்சன், முந்தைய ஆட்டங்களில் தொடர்ந்து ஓட்டங்களைக் கொடுத்துவந்தவர். அன்றும் கொடுத்தார். மூக்கி பெட்ஸ் அடித்த அடியைத் தொடர்ந்து, சிறிது நேரத்தில் 1-0 என்பது 1-2 ஆயிற்று. டாட்ஜர்ஸ் 3-1 என வென்று தொடரையும் கைப்பற்றியது.

முன்னவர் கணக்கை மறந்து கண்ணை நம்பினார். பின்னவர் கண்ணை மூடிக்கொண்டு கணக்கை நம்பினார். இருவரையும் ரசிகர் ஒரே குரலில் தூற்றினர். அப்படியானால் ரசிகர் நியாயமற்றவரா? முற்றிலும் அவ்வாறு கூறுவதற்கில்லை. ஆண்டர்சனின் அண்மைய நிலையும் ஒரு கணக்குத்தானே? அதையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்பது அறியாமை ஆகாது. ஆயினும் பெட்ஸ் அன்று ஆட்டமிழந்திருந்தால் காஷின் துணிவைப் பாராட்டிக் கட்டுரைகள் வந்திருக்கும் என்பதையும் நாம் மறைப்பானேன்? அம்முடிவு பலிக்கவில்லை என்பதற்காக வருந்துவதாகக் கூறிய காஷ், அதற்கு இட்டுச்சென்ற சிந்தனையைக் கைவிடவில்லை. இரு வாரங்களுக்குப் பின், அவரே தம் லீக்கில் அவ்வாண்டின் சிறந்த மேலாளர் என அறிவிக்கப்பட்டார். இறுதி ஆட்டங்கள் தொடங்குமுன்னரே வாக்குகள் பதிவாகிவிட்டன என்பது அதன் பின்னணி.

மேலாளரின் தவற்றால் மேலாளருக்கே பழி வந்தால் ஒருவாறு முறை எனலாம். வேறொருவர் அதைச் சுமக்க நேர்ந்த கதையும் உண்டு. அதற்காகப் பின்னோக்கிச் சென்று, 1986ஆம் ஆண்டின் போஸ்டன் அணியைக் காண வேண்டும்.

அவ்வாண்டு அக்டோபர் 25, உலகத் தொடரின் ஆறாம் ஆட்டம், நியூயார்க்கின் ஷே மைதானம். மெட்ஸ் அணிக்கு எதிராகப் பத்தாம் சுற்றில் போஸ்டன் 5-3 என முன்னணி. மெட்ஸ் அணியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். தளங்களில் ஒருவரும் இல்லை. இன்னும் ஒரே ஒருவர் வீழ்ந்தால் 68 ஆண்டுக் காத்திருப்பு முடிந்துவிடும். போஸ்டனுக்காக முதல் தளத்தில் நின்றவர் பில் பக்னர். கணுக்கால்கள் இரண்டும் பழுதுபட்ட நிலையிலும் அவ்வாண்டு தளராது ஆடியவர். அணி முன்னணியில் இருக்கும்போது, கடைசிக் கட்டத்தில் அவருக்குப் பதிலாக டேவ் ஸ்டேப்பிள்டனை இறக்குவது மேலாளர் ஜான் மெக்னமாராவின் வழக்கம். அன்று இறக்கவில்லை. வெற்றித் தருணத்தில் மூத்த வீரர் களத்தில் நிற்கட்டும் என்னும் இரக்கமே காரணம் எனப் பலர் கூறினர். மெக்னமாரா அதை மறுத்து, முதல் தளத்திற்குத் தம்மிடமிருந்த சிறந்த வீரர் பக்னரே என்றார்.

மூவர் அடுத்தடுத்து அடித்தனர். 5-4. பின்னர்ப் பந்தெறிபவர் குறி தவறி எறிந்த ஒரு பந்தினால் 5-5. நினைவில் வையுங்கள்: ஆட்டம் அப்போதே சமமாகிவிட்டது. அதன்பின்னரே மூக்கி வில்சன் அடித்த பந்து தரையோடு உருண்டு பக்னரை நோக்கி வந்தது. குனிந்தவரின் கால்களுக்கிடையே புகுந்து சென்றது. மெட்ஸ் வென்றது. இரு நாட்களுக்குப் பின் நடந்த ஏழாம் ஆட்டத்தில் 3-0 என முன்னணி பெற்றிருந்தும் போஸ்டன் தோற்றது. அங்கே பக்னரின் கால்கள் யாதொரு தவறும் செய்யவில்லை.

ஆனால் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டியது அந்த ஒரு பந்தைத்தான். இறக்கப்படாத ஸ்டேப்பிள்டனைப் படம் பிடிக்க முடியாதல்லவா? எடுக்கப்படாத முடிவுக்கு முகம் இல்லை. தவறவிட்ட பந்துக்கு முகம் உண்டு. 22 பருவங்களில் 2,715 முறை வெற்றிகரமாக அடித்த ஒருவரின் வாழ்வு அந்தச் சில விநாடிகளாகச் சுருக்கப்பட்டது. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்த ஆண்டின் நடுவிலேயே போஸ்டன் அவரை விடுவித்தது. ஓய்வு பெற்றபின் அவர் குடும்பத்தோடு தொலைவிலுள்ள ஐடஹோ மாநிலத்திற்குச் சென்று குடியேறினார்.

2008 ஏப்ரல் 8ஆம் நாள், பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்திற்கு முன் சடங்காக எறியப்படும் பந்தை எறியுமாறு போஸ்டன் அவரை அழைத்தது. அதற்குள் 2004, 2007 என இரு பட்டங்கள் கைவந்துவிட்டன. நிறைந்த கையோடு மன்னிப்பது எளிது என்று நாம் சொன்னால் அது கடுஞ்சொல் ஆகுமோ? ஃபென்வே பார்க் மைதானத்தின் இடப்புற மதிலருகிலிருந்து அவர் தனியே மேட்டை நோக்கி நடந்து வந்தார். கூட்டம் முழுதும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. கண்களைத் துடைத்துக்கொண்டு, பழைய தோழர் ட்வைட் எவன்ஸின் கையுறைக்குள் பந்தை எறிந்தார். பின்னர்ச் செய்தியாளர்களைச் சந்தித்தபோது, தாம் மன்னிக்க வேண்டியிருந்தது ரசிகர்களை அன்று, செய்தி ஏடுகளையே என்று அவர்களிடமே கூறினார்.