அண்ணன் பாட, தம்பிகள் வாசிக்க... 'பாவலர் பிரதர்ஸ்' வளர்ந்த கதை

விருதுநகர்ல பங்குனிப் பொங்கல், சிவகாசியில சித்திரைப் பொங்கல்னு இந்தப் பக்கம் திருவிழா வந்தாலே மெல்லிசைக் கச்சேரி ஞாபகம் வந்துடும். மேடையை உத்துப் பாருங்க. கீபோர்டுல அண்ணன், பேடுல தம்பி, மைக்குல மச்சான்னு பல குழுக்கள் ஒரே வீட்டு ஆட்களா இருக்கும். இப்படி ஒரு குடும்பக் குழுவா கிளம்பி, தமிழ் சினிமா இசையையே மாத்தினவங்கதான் 'பாவலர் பிரதர்ஸ்'.

யார் இந்த பாவலர்?

தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் பண்ணைப்புரம். அந்த ஊர் ராமசாமியின் மூத்த மகன் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளின் பாடகர். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டு, நாட்டுப்புற மெட்டுகளில் கட்சிக் கருத்தை ஏற்றிப் பாடுவார். மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் புதுச் சொல் சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். 'பாவலர்' என்ற பட்டம் பேரோடு சேர்ந்துவிட்டது.

1958-ல் கேரளாவின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஆட்சிக்கு அது கௌரவப் பிரச்னை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி அது. அங்கே வரதராஜனின் பாட்டுப் பிரசாரம் பெரிதாகப் பேசப்பட்டது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

தம்பிகள் எப்படி வந்தாங்க?

பாஸ்கர், ராசையா, அமர்சிங் மூவரும் வரதராஜனின் தம்பிகள். ராசையா அண்ணனோடு ஊர் ஊராகக் கிளம்பியபோது வயது 14 தான். குரல் உடையாத வயது என்பதால் பெண் குரல் பாட்டெல்லாம் அவர் தலையில். அந்த ராசையாதான் இளையராஜா. அமர்சிங், பின்னாளில் கங்கை அமரன்.

குடும்பக் குழுவில் என்ன லாபம்?

சிவகாசிக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு உறவுக்காரங்க கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்ததுலதான் ஊரோட கதையே ஆரம்பிக்குது. ஒருத்தர் கத்துக்கிட்டா வீடே கத்துக்கும்; கையில காசு இல்லாத நேரத்துலயும் ஆள் விலகிப் போக மாட்டாங்க. பாட்டுக் குழுவுக்கும் அதே கணக்குதான். ஒத்திகைக்குத் தனியா இடம் வேண்டாம், சம்பளம் பேச வேண்டாம். அண்ணன் ஸ்ருதி மாத்தினா தம்பி விரல் தானா மாறும்.

அதைவிடப் பெரிய லாபம், பயிற்சி. ஏறத்தாழ 10 வருஷம், எதிரில் கூட்டம் உட்கார்ந்திருக்க, எந்த மெட்டு எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்று கண்ணால் பார்த்துக் கற்ற பாடம் அது. எந்த இசைக் கல்லூரியிலும் கிடைக்காது.

சென்னையில் என்ன நடந்தது?

1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை அம்மா சின்னத்தாய் அப்படியே கையில் கொடுத்ததாக இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976-ல் பஞ்சு அருணாசலம் கொடுத்த வாய்ப்பு 'அன்னக்கிளி'. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

குழு கலைந்தாலும் கூட்டு கலையவில்லை. பாஸ்கர் 'பாவலர் கிரியேஷன்ஸ்' பெயரில் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) தயாரித்தார். கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்காரன்' (1989) படத்துக்கு அண்ணன்தான் இசை. அடுத்த தலைமுறையில் 'சென்னை 600028' (2007): இயக்கம் வெங்கட் பிரபு, இசை யுவன், நடிப்பில் பிரேம்ஜி. பவதாரிணிக்கு 'பாரதி' படப் பாட்டுக்காக தேசிய விருது.

அப்போ இழப்பு யாருக்கு?

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த வரதராஜனுக்கு. 1973-லேயே அவர் இறந்துவிட்டார். 'அன்னக்கிளி' வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. தம்பியின் பாட்டு ஒவ்வொரு போனிலும் இருக்கிறது. ஆனால் திறந்த மேடையில், அன்றைய அரசியலுக்காக, அன்றைய கூட்டத்துக்காகப் பாடிய அண்ணனின் குரலை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தேர்தல் முடிந்ததும் அந்தப் பாட்டின் வேலையும் முடிந்துவிட்டது.

குடும்பக் குழுவின் பலவீனமும் இதுதான். மூத்தவர் தோளில் ஏறித்தான் இளையவர் உயரம் போகிறார். பார்க்கிறவர் கண்ணுக்கு மேலே இருப்பவர் மட்டும்தான் தெரிகிறார்.

நாம என்ன செய்யலாம்?

அடுத்த திருவிழாவுல உங்க ஊர் குழு பாடும்போது, ஸ்டேட்டஸுக்கு 30 செகண்ட் எடுத்துட்டு நிறுத்திடாதீங்க. ஓரமா உட்கார்ந்து ஆர்மோனியமோ தபேலாவோ வாசிக்கிற அந்தப் பெரியவரையும் ஒரு முழுப் பாட்டுக்கு ரெக்கார்டு பண்ணுங்க. அவர் பேரையும் கேட்டு சேர்த்து வைங்க. 1958-ல இல்லாத வசதி இன்னைக்கு உங்க சட்டைப் பையில இருக்கு.