பொருளில்லாத இருபது சொற்கள்

இங்கிலாந்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒரு தேர்வு நடக்கிறது. ஐந்தாறு வயதுக் குழந்தை ஆசிரியர் அருகில் உட்கார்ந்து 40 சொற்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவற்றில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. குழந்தை குழம்பாமலிருக்க, பக்கத்தில் ஒரு விசித்திர ஜந்துவின் படம் இருக்கும். அதன் பெயர் என்று நினைத்துக்கொண்டு படிக்கலாம்.

2012இல் இந்தத் தேர்வு வந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. குழந்தைகளுக்காக எழுதும் மைக்கேல் ரோஸனும் எதிர்த்தவர்களில் ஒருவர். ஆனால், தேர்வின் உயிரே அந்த 20 சொற்களில்தான் இருக்கிறது என்பேன். பழகிய சொல்லை மனப்பாடத்தில் சொல்லிவிடலாம், படத்தைப் பார்த்து ஊகித்தும் விடலாம். கண்டே இராத சொல்லை எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் இந்த ஒலிவழி முறை எளியது. 'பி, ஐ, என்' என்று எழுத்தின் பெயர்களை எத்தனை முறை சொன்னாலும் சொல் பிறக்காது. 'ப், இ, ன்' என்று ஒலிகளைச் சேர்த்தால் 'பின்' வந்துவிடும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'ப்' என்பதைப் 'ப' என்று இழுத்தால் 'பஇன' என்றாகி, குழந்தை திகைத்து நிற்கும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யாவதைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த நுட்பம் சட்டென்று பிடிபடும்.

சிக்கல் அடுத்த படியில். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. 'சீ' (see), 'மீ' (me), 'கீ' (key) மூன்றிலும் 'ஈ' ஒலிதான். எழுதுவது வேறுவேறு விதம். அதனால் எளிய ஒலிகளில் தொடங்கி, ஒழுங்கான வரிசையில் ஒவ்வொன்றாகச் சொல்லித் தர வேண்டும். ஜிம் ரோஸ் தலைமையிலான ஆய்வு 2006இல் பரிந்துரைத்ததும் இதைத்தான். தேர்வின் முதலாண்டில் 100க்கு 58 குழந்தைகள் எதிர்பார்த்த தரத்தை எட்டினார்கள். 2019இல் 82 பேர்.

ஒலிவழிப் பாடத்துக்கு மாறியதற்கு வலுச்சேர்த்தது ஸ்காட்லாந்தின் கிளாக்மனன்ஷயரில் ரோனா ஜான்ஸ்டன், ஜாய்ஸ் வாட்சன் இருவரும் நடத்திய ஆய்வு. ஒலிவழி படித்த குழந்தைகள், தொடக்கப் பள்ளியை முடிக்கையில், சொற்களை வாசிப்பதில் வயதுக்கு மூன்றரை ஆண்டு முந்தியிருந்தார்கள். படித்ததைப் புரிந்துகொள்வதில் முந்தியது மூன்றரை மாதம் மட்டுமே. ஒலிவழிப் பாடத்தின் தீவிர ஆதரவாளர்கள் இந்த இரண்டாவது எண்ணை அவ்வளவாகப் பேசுவதில்லை, பேச வேண்டும். எழுத்துக்கூட்டும் பாடம் தினமும் நடக்கும் அதே வகுப்பில், கதையை வாசித்துக் காட்டவும் அதைப் பற்றிக் குழந்தைகளோடு பேசவும் நேரம் ஒதுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.